மாத்திரை போவது வயிற்றுக்கு. புண் வருவது வாயில்! ஏன்?

கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். கீழுதட்டை மெதுவாக இழுத்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று இருக்கிறதா? கையில் இருப்பது தோல் என்றால் இதுவும் ஒருவகைத் தோல்தான். ஆனால் இதில் முடி கிடையாது. மேலே காய்ந்த, தடித்த அடுக்கும் கிடையாது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் மிக அருகிலேயே ஓடுவதால்தான் இந்தச் சிவப்பு.

இந்த மெல்லிய தோல் ஒரு நாளில் படும் பாடு கொஞ்சமல்ல. காலையில் கொதிக்கக் கொதிக்கக் காபி அல்லது பால், மத்தியானம் காரக் குழம்பு, சாயங்காலம் முறுக்கு, சீடை. நடுவில் அவசரமாக மெல்லும்போது நம் பல்லே நம் கன்னத்தைக் கடித்துவிடுகிறது. இத்தனையையும் தாங்க உடல் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. இந்தத் தோலின் அடியில் இருக்கும் செல்கள் ஓயாமல் ஒன்று இரண்டாகப் பிரிந்து, புதுச் செல்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மேலே உள்ள பழைய செல்கள் உதிர்ந்து எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். நமக்குத் தெரிவதே இல்லை. கைத்தோல் முழுதாகப் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். கன்னத்தின் உட்பக்கம் இரண்டு வாரத்துக்குள் புதிதாகிவிடும். கன்னத்தைக் கடித்துக்கொண்ட காயம் சில நாளில் சுவடில்லாமல் ஆறிவிடுவதற்கு இந்த வேகம்தான் காரணம்.

வாய்க்குப் பலம் இந்த வேகம். சில மருந்துகள் உடலுக்குள் வரும்போது இதே வேகம் வாய்க்குப் பலவீனமாகிவிடுகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு அடிக்கடி வரும் சின்னச் சின்ன வாய்ப்புண்களில் பெரும்பாலானவை மருந்தால் வருபவை அல்ல. பல் பட்டு வரும், தூக்கம் கெட்டால் வரும், காரணமே தெரியாமலும் வரும். ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். இரும்புச் சத்தோ, பி12 வைட்டமினோ, ஃபோலிக் அமிலம் என்ற சத்தோ குறைந்தாலும் வாயும் நாக்கும் புண்ணாகும். வாய்ப்புண் என்றதும் நம் வீடுகளில் மணத்தக்காளிக் கீரையைத் தேடுவார்கள். கீரைகளில் ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவமான ஃபோலேட் நிறைய உண்டு. நாம் பேசப்போகும் கதையே இந்தச் சத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

பம்பாய், குன்னூர், சென்னை

1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த பெண்களில் பலர் கருவுற்றிருந்த காலத்தில் ரத்தம் குறைந்து, வெளுத்து, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. கிருமியாக இருக்குமோ என்று தேடினார், இல்லை. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். ஏழைப் பெண்களின் தட்டில் காய்கறியும் பழமும் மிகக் குறைவு.

1929இல் சில மாதங்கள் நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தங்கி ஆராய்ந்தார். பிறகு சென்னையில், திருவல்லிக்கேணியில் இருந்த பெண்கள் மருத்துவமனையிலும் வேலை செய்தார். அதுதான் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அந்த ஏழைப் பெண்கள் சாப்பிட்டது போன்ற உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் ரத்தம் குறைந்தது. ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தபோது அவை தேறின. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். ஈஸ்ட்டில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. அது என்ன சத்து என்று உலகத்துக்குத் தெரியவரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. அதுதான் ஃபோலிக் அமிலம்.

இந்தச் சத்து எதற்கு? ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன்னிடம் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் அப்படியே இன்னொரு படி எடுக்க வேண்டும். டி.என்.ஏ.வைக் கட்டும் நான்கு வகைப் பொருள்களில் ஒன்று தைமின். தைமினைத் தயாரிக்க ஃபோலேட் இல்லாமல் முடியாது. ஃபோலேட் குறைந்தால் செல் பிரிவது தடைபடும். எங்கே செல்கள் வேகமாகப் பிறக்கின்றனவோ, அங்கேதான் பாதிப்பு முதலில் தெரியும். ரத்தம் பிறக்கும் எலும்பு மஜ்ஜை அப்படி ஓர் இடம். குடல் ஓர் இடம். வாய் இன்னோர் இடம்.

ஒரு தெலுங்கு மாணவரின் நோய்

பழைய சென்னை மாகாணத்தில் பீமவரம் என்ற ஊரில் 1895இல் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னையில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். அவருடைய அண்ணன் தம்பிகள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஸ்ப்ரூ என்ற நோய். வெப்பமான நாடுகளில் அக்காலத்தில் பலரை வாட்டிய குடல் நோய் அது. குடல் சத்துகளை உறிஞ்ச மறுத்துவிடும். வயிற்றுப்போக்கு நிற்காது, உடல் உருகும், நாக்கு சிவந்து வழவழப்பாகிப் புண்ணாகும். சுப்பாராவுக்கே அந்த நோய் வந்து, பிழைத்து எழுந்தார்.

அமெரிக்காவுக்குப் போன அவர் பாஸ்டனில் படித்து ஆராய்ந்தார். 1940இல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் இருந்த குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் சோதனைச் சாலையிலேயே செய்து காட்டியது. லூசி வில்ஸ் தேடிய சத்து இப்போது புட்டியில் கிடைத்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது ரத்தம் ஊறியது, புண்ணான நாக்கு ஆறியது. சுப்பாராவின் உடன்பிறந்தவர்களைப் பறித்த நோய்க்கு மருந்து, அவருடைய குழுவிடமிருந்தே வந்தது. இந்திய அறிவியல் வரலாற்றில் நீங்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர்களில் ஒன்று சுப்பாராவ் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கதை இங்கே வேறு பக்கம் திரும்புகிறது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அன்று எந்த மருந்தும் கிடையாது. வாரங்களில் இறந்துவிடுவார்கள். ரத்தப் புற்றுநோய் என்பது மஜ்ஜையில் வெள்ளையணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பிறந்து பெருகுவது. செல் பிறக்க ஃபோலேட் வேண்டும் அல்லவா? அதைத் தடுத்துவிட்டால்? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம், ஆனால் அதன் வேலையைச் செய்யாத பொருள்களைச் சுப்பாராவின் ஆய்வுக்கூடம் செய்து ஃபார்பருக்கு அனுப்பியது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் தன் முடிவுகளை வெளியிட்டார். மருந்து கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. சில மாதங்களுக்கு மட்டும்தான். ஆனாலும் ரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் அதற்கு முன் கண்டதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

அந்தக் குழந்தைகளுக்கு மருந்தால் ஒரு தொல்லையும் வந்தது. வாயில் புண். ஃபோலேட் கிடைக்காத ஸ்ப்ரூ நோயாளியின் வாய் எப்படிப் புண்ணானதோ, ஃபோலேட்டைத் தடுத்த மருந்தாலும் அப்படியே ஆனது.

இருக்கையில் துண்டு

அமினோப்டெரினின் உடன்பிறப்பு மெத்தோட்ரெக்ஸேட். இது அதைவிடக் கையாள எளிது. இன்றும் உலகமெங்கும் மருத்துவமனைகளில் இருக்கிறது. அது செல்லுக்குள் செய்யும் வேலையைச் சொல்கிறேன்.

தைமின் தயாரிக்க உதவும் ஃபோலேட், ஒருமுறை வேலை செய்ததும் ஓய்ந்துவிடும். அது மறுபடி வேலைக்குத் தயாராக ஒரு நொதியிடம் போக வேண்டும். நொதியில் ஃபோலேட் வந்து அமர்வதற்கென்று ஓர் இடம் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். விசேஷ நாளில் பேருந்து நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா? வண்டி நிற்பதற்குள் யாரோ ஜன்னல் வழியாக இருக்கையில் துண்டைப் போட்டுவிடுவார். முறையாகப் படியேறி வந்தவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். நொதியில் மெத்தோட்ரெக்ஸேட் போடுவது அந்தத் துண்டுதான். ஃபோலேட்டுக்கு இடமில்லை, தைமின் இல்லை, செல் பிரிய முடியவில்லை.

புற்றுநோய்ச் செல் எது, நல்ல செல் எது என்று மருந்துக்குத் தெரியாது. வேகமாகப் பிரியும் செல் எதுவானாலும் அடிபடும். வாயில் பழைய செல்கள் வழக்கம்போல் உதிர்கின்றன. அடியிலிருந்து புதியவை வருவது நின்றுபோகிறது. ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் தோல் மெலிந்து, சிவந்து, கடைசியில் புண்ணாகிறது. மாத்திரையாகச் சாப்பிட்டாலும் சரி, ஊசியாகக் கையில் போட்டாலும் சரி, புண் வாயில்தான். மருந்து ரத்தத்தோடு போய் உடல் முழுவதையும் தொடுகிறது. அதன் அடையாளம் நாம் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் முதலில் தெரிகிறது. அதே நேரத்தில் மஜ்ஜையிலும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். அதனால் வாய்ப்புண் வழியாகக் கிருமிகள் சுலபமாக உள்ளே நுழைந்துவிடலாம். புற்றுநோய் வார்டில் செவிலியர்கள் தினமும் குழந்தைகளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும், மிக மென்மையான பிரஷ்ஷால் பல் தேய்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

மெத்தோட்ரெக்ஸேட்டை மிக அதிக அளவில் கொடுக்க வேண்டியிருந்தால், குறிப்பிட்ட மணிநேரம் கழித்து லூகோவோரின் என்ற இன்னொரு மருந்தைத் தொடர்ந்து கொடுப்பார்கள். அது ஏற்கெனவே தயார் நிலையில் உள்ள ஃபோலேட். அந்த நொதியிடம் போக வேண்டிய தேவையே அதற்கு இல்லை. நல்ல செல்கள் அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். எப்போது கொடுப்பது என்பதில் மருத்துவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள்.

ஃபுளுரோயுராசில் என்ற வேறொரு புற்றுநோய் மருந்துக்கு இன்னும் எளிய ஓர் உபாயம் உண்டு: ஐஸ்கட்டி! இந்த மருந்தை ஊசியில் வேகமாகச் செலுத்தினால் ரத்தத்தில் அதன் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும். ஊசிக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து அரை மணி நேரம் வாயில் ஐஸ் துண்டுகளை அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வாய்க்குள் வரும் ரத்தமே குறைவு. அதனால் புண்ணும் குறைவு. 1991இல் ஆய்வு செய்து உறுதிப்படுத்தப்பட்ட முறை இது. ரத்தத்தில் நெடுநேரம் தங்கும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு இந்த உபாயம் சரிப்படாது. அரை நாள் முழுக்க யாராலும் ஐஸை அடக்கிக்கொண்டிருக்க முடியாதே!

ஃபார்பரின் குழந்தைகளுக்குச் சில மாதங்கள்தான் கிடைத்தன. இன்று வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் மிகப் பொதுவான வகையிலிருந்து பத்தில் ஒன்பது பேர் மீண்டுவிடுகிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் அந்தச் சிகிச்சையில் மெத்தோட்ரெக்ஸேட் இன்னமும் இருக்கிறது. உங்கள் வகுப்பில் நீண்ட விடுப்புக்குப் பிறகு முடி கொட்டிப்போய்த் திரும்பிவரும் நண்பர் யாராவது இருந்தால், அவர் காரமான தின்பண்டத்தை வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வாய் வலிக்கலாம்.

பாட்டியின் மாத்திரை

மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கு மட்டும் கொடுக்கும் மருந்து அல்ல. மிகக் குறைந்த அளவில், முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் கொடுக்கிறார்கள். கை கால் மூட்டுகள் வீங்கிக் காலையில் விரலை மடக்க முடியாமல் தவிக்கும் பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய மருந்துப் பெட்டியில் இந்த மாத்திரை இருக்கக்கூடும்.

இதில் மிக மிக முக்கியமான ஒன்று. முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டியது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் அல்ல! மற்ற மாத்திரைகளெல்லாம் தினமும் சாப்பிடுபவை என்பதால், இதையும் தெரியாமல் தினமும் சாப்பிட்டுவிடும் தவறு உலகின் பல நாடுகளில் நடந்திருக்கிறது. உயிர்களும் போயிருக்கின்றன. அப்படித் தவறு நடக்கும்போது பல சமயம் முதல் எச்சரிக்கையாக வருவது வாய்ப்புண்தான். “வாயெல்லாம் எரியுது, சாதம் தொண்டையில இறங்கல” என்று பாட்டி சொன்னால், காரத்தைக் குறைத்துச் சமைத்துப் போட்டால் போதும் என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். மணத்தக்காளிச் சாறு வைத்துக் கொடுப்பார்கள். கீரை நல்லதுதான், ஆனால் நொதியில் மருந்து பிடித்துவைத்திருக்கும் இடத்தைக் கீரை விடுவிக்காது. அன்றே மருத்துவரிடம் போயாக வேண்டும்.

சரியாக வாரம் ஒருமுறை சாப்பிடுபவர்களுக்கும் லேசான வாய்ப்புண் வருவதுண்டு. அதைக் குறைக்கத்தான் மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரையையும் எழுதிக்கொடுப்பார், பெரும்பாலும் வேறு நாளில் சாப்பிடச் சொல்லி. இரண்டும் சின்ன மாத்திரைகள், இரண்டும் மஞ்சள் நிறத்தில் வருவதுண்டு. அதனால் அட்டையில் உள்ள பெயரைப் படித்துவிட்டுக் கொடுப்பதே பாதுகாப்பு. கண் மங்கிய பாட்டிக்குப் படிக்கத் தெரிந்த பேரக் குழந்தைகள் பெரிய துணை.

வேறு மருந்துகள், வேறு வழிகள்

எல்லா மருந்தும் ரத்தம் வழியாகத்தான் வாய்க்குத் தொல்லை தரும் என்றில்லை. பல்வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லின் ஓரத்திலேயே வைத்து அடக்கிக்கொள்பவர்கள் உண்டு. ஆஸ்பிரின் ஓர் அமிலம். அது பட்ட இடத்தில் ஈறு வெந்து, வெள்ளையாகி, உரிந்துவிடும். மாத்திரை வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்தால்தான் வலி குறையும். பல்லோரத்தில் வைப்பதால் புண் மட்டும்தான் மிச்சம். எலிக்காய்ச்சலுக்கும் முகப்பருவுக்கும் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டுப் படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். மாத்திரையை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

மூச்சிரைப்பு உள்ளவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரை உறிஞ்சும்போது மருந்தில் ஒரு பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். படிந்த இடத்தில் நோய் எதிர்ப்பு சற்றுத் தளரும். நம் வாயில் எப்போதும் அமைதியாக வாழும் கேண்டிடா என்ற பூஞ்சைக்கு அது நல்ல வாய்ப்பு. அது பெருகி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் படரும். தடுப்பது மிகச் சுலபம்: இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். ஸ்பேசர் என்ற குழாயை மாட்டிக்கொண்டு உறிஞ்சினால் வாயில் படிவதும் குறையும். வெள்ளைத் திட்டு வந்துவிட்டதே என்று இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. மூச்சுதான் முக்கியம், திட்டுக்கு வேறு மருந்து உண்டு.

வலிப்பு நோய்க்கு 1938 முதல் பயன்படும் ஃபெனிடாயின் என்ற மருந்து ஈறுகளை வளரச் செய்யும். சாப்பிடுபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறிவருகிறது. பல்லைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் இந்த வளர்ச்சி குறையும் என்று பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள், எலும்பும் பல்லும் உருவாகும் வயதில் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு பல்லுக்குள்ளேயே தங்கிவிடும். பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ முளைக்கும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அவற்றைப் பொதுவாகத் தவிர்ப்பது அதனால்தான். இரும்புச்சத்து டானிக்கால் வரும் கறுப்போ பல்லின் மேலே மட்டும் படியும் கறை. டானிக்கை ஸ்ட்ராவில் குடித்துவிட்டு வாய் கொப்பளித்தால் கறை படிவது குறையும். சளி, அரிப்புக்கான சில மாத்திரைகள் எச்சிலைக் குறைத்து வாயை வறளச் செய்யும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் எச்சிலில் கசிந்து வாயெல்லாம் உலோகச் சுவையாக்கும். இந்த வறட்சியும் உலோகச் சுவையும் மருந்து முடிந்ததும் போய்விடுபவை.

அவசரம் என்று அறிய வேண்டியது

இனி சொல்லப்போவது அரிதாக வருவது. ஆனால் தெரிந்திருக்க வேண்டியது.

1922இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் ஏழு வயது, எட்டு வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி எழுதினார்கள். விடாத காய்ச்சல், வாய் முழுக்கப் புண், கண்கள் சிவந்து சீழ், உடலில் தடிப்புகள். காரணம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நோய் இன்று அவர்கள் பெயராலேயே ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் எனப்படுகிறது. பெரும்பாலும் ஒரு மருந்தை நம் உடலின் எதிர்ப்புச் சக்தி பகையாக நினைத்து, தன் தோலையே தாக்குவதால் வருகிறது என்று இப்போது தெரியும். வலிப்புக்கான சில மருந்துகள், சல்ஃபா வகை மருந்துகள், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்கு மட்டுமே வருகிறது. வந்தால் உயிருக்கே ஆபத்து.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கார்பமசெப்பின் என்ற வலிப்பு மருந்தால் இந்த நோய் வந்த 44 பேரைத் தைவானில் ஆராய்ந்தார்கள். அத்தனை பேரிடமும் ஒரே வகை மரபணு இருப்பதை 2004இல் கண்டார்கள். அதன் பிறகு மருந்தைத் தொடங்குமுன் ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, அந்த மரபணு உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த மருந்தால் இந்த நோய் வரவில்லை. ஒரு சின்னப் பரிசோதனை எத்தனை பெரிய துன்பத்தைத் தடுத்துவிட்டது பாருங்கள்!

புதிய மருந்து ஒன்றைத் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு வாய்ப்புண் வந்து, கண் சிவந்து, தோலில் கொப்புளமோ தடிப்போ தெரிந்தால் அது வீட்டில் பார்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல. உடனே மருத்துவமனை. மருந்து சாப்பிட்டபின் உதடோ நாக்கோ வீங்கி, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலும் அப்படியே. அப்போது 108க்குத் தொலைபேசியில் அழைக்கத் தயங்காதீர்கள்.

மற்றபடி சாதாரணமாக வாய்ப்புண் வந்தால் என்ன செய்வது? புண் எந்த நாள் வந்தது, அதற்கு முன் எந்த மருந்து எந்த நாள் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். மருந்துக்கும் புண்ணுக்கும் இடையில் எத்தனை நாள் என்பதுதான் மருத்துவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய தடயம். மாத்திரை அட்டைகளையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பிவிடும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்று மருத்துவர் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் எதுவானாலும் காட்டியே ஆக வேண்டும்.

மருந்தால் தொல்லை வந்தால் அதை அரசுக்கும் சொல்லலாம். மருந்துகளின் பக்க விளைவுகளைத் திரட்டிக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் ஒன்று 2010 முதல் இந்தியாவில் நடக்கிறது. அதன் தலைமையிடம் காஜியாபாத்தில் உள்ளது. மருத்துவர்கள் மட்டுமல்ல, நோயாளியோ வீட்டாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். படிவம் தமிழிலும் உண்டு. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. இப்படிப் பலர் தந்த சின்னச் சின்னத் தகவல்கள் சேர்ந்துதான், எந்த மருந்து யாருக்கு ஆகாது என்று உலகம் தெரிந்துகொள்கிறது.

இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் மூட்டு நோய்க்கு மருந்து சாப்பிடும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அம்மா அப்பாவோடு உட்கார்ந்து அவர்களுடைய மருந்துச் சீட்டைப் பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட் என்று இருந்தால், எந்தக் கிழமை சாப்பிட வேண்டும் என்று மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டு, அந்தக் கிழமையை மாத்திரைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.